வரப்பில் தடுமாறியவரும் நாங்கள் சொன்ன தப்பான பதிலும்

திருக்கடையூரில் முகூர்த்த நாள் பார்க்க வேண்டியதில்லை. ஆண்டு முழுக்கக் கல்யாணம்தான். 60க்கு சஷ்டியப்தபூர்த்தி, 70க்கு பீமரத சாந்தி, 80க்கு சதாபிஷேகம் என்று காரிலும் வேனிலும் வந்து இறங்குகிறார்கள். 16 வயதோடு ஆயுள் முடிய வேண்டிய மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை எட்டி உதைத்த இடம் என்பது கோயிலின் கதை. அதனால் ஆயுளை நீட்டிக்கொள்ள வருகிறார்கள். சுற்றியுள்ள எங்கள் தெருக்களிலிருந்து பெண்கள் அந்த மண்டபங்களுக்கு இலை எடுக்கவும் பாத்திரம் கழுவவும் போகிறார்கள்.

அப்படிப் போகும் ஓர் அக்கா எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு அறுபதாங் கல்யாணச் செலவே கெடையாது தம்பி. அதுவரைக்கும் ஒருத்தரும் இருந்ததில்ல."

அந்த வீட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எந்த ஊர், எந்தத் தெரு என்று எழுத மாட்டோம். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

அவருடைய கணவருக்கு இப்போது 43 வயது. 35இல் தொடங்கியது. நாற்று முடியைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் போகும்போது கால் பிசகி வயலுக்குள் விழுந்தார். ஒருநாள் விழுந்தால் வழுக்கல் என்பார்கள். வாரத்துக்கு மூன்று நாள் விழுந்தால் குடி என்பார்கள். பேச்சும் குழற ஆரம்பித்ததும் ஊருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர், "போட்டுட்டு வேலைக்கு வராதே" என்று திருப்பி அனுப்பினார். பேருந்து நிறுத்தத்தில் நின்றவரைப் போலீஸ் வாயை ஊதச் சொல்லி அவமானப்படுத்தியது. அவர் மனைவியே ஒரு மாதம் இரவில் அவர் வாயை மோந்து பார்த்திருக்கிறார். வாடை இல்லை என்றதும் பயம் அதிகமாகி, குடியாகவே இருந்திருக்கலாமே என்று நினைத்ததாகச் சொன்னார்.

எங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல்முறை அந்த வீட்டுக்குப் போய்வந்த எங்களில் ஒருவர் குறிப்பேட்டில் 'மது மறுவாழ்வு மையத்துக்குப் பரிந்துரைக்கலாம்' என்று எழுதினார். சமூகவியலில் முதுகலை முடித்தவர்தான். சேரி ஆண் தள்ளாடினால் அது சாராயம்தான் என்ற கணக்கு சேரிக்கு வெளியே உள்ளவர்களிடம் மட்டும் இல்லை. மேலத்தெருவில் ஒருவர் இதேபோலத் தள்ளாடினால் "சுகர் டெஸ்ட் பண்ணீங்களா, பிரஷர் பாத்தீங்களா" என்று கேட்பார்கள். எங்கள் ஆளுக்கு அந்தக் கேள்வி வந்து சேர ஐந்து ஆண்டுகள் ஆயின.

நரம்பியல் மருத்துவர் ஒரு சோதனை செய்வார். தரையில் நேர்கோட்டில், ஒரு காலின் குதிகாலுக்கு முன் மறு காலின் விரல் படும்படி அடி வைத்து நடக்கச் சொல்வார். சிறுமூளை பழுதானவரால் அது முடியாது, கால்களை அகட்டி வைத்தால்தான் நிற்கவே முடியும். வயலில் வேலை பார்ப்பவருக்கு அந்தச் சோதனையை வரப்பே செய்துவிடுகிறது. தார் ரோட்டில் நடப்பவர்களைவிட ஓரிரு ஆண்டுகள் முன்னாலேயே எங்கள் ஆட்களுக்கு நோய் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைக்கிறோம். பார்க்கத் தெரிந்தவர் யாரும் வரப்பில் நிற்கவில்லை. ஊர் குடி என்று நினைத்ததிலும் ஒரு காரணம் உண்டு. மது சிறுமூளையைப் பாதிப்பதால்தான் குடித்தவர் தள்ளாடுகிறார், நாக்குக் குழறுகிறார். அதே சிறுமூளை நோயால் தேய்ந்தால் அதே நடை, அதே குழறல். வித்தியாசம், காலையில் தெளியாது.

மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டம் ஆனது. மாவட்டத்துக்குள் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல், மயிலாடுதுறையிலும் கும்பகோணத்திலும் பேருந்து மாற வேண்டும். நேராக நடக்க முடியாத ஒருவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மூன்று பேருந்து ஏறி இறங்கினோம். ஸ்கேனில் சிறுமூளை சுருங்கியிருப்பது தெரிந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று மருத்துவர் கேட்டார். அப்பாவுக்கு இருந்தது, ஓர் அத்தைக்கு இருந்தது, தாத்தாவுக்கும் இருந்ததாகப் பேச்சு. அப்பாவைக் குடிகாரர் என்றார்கள். அத்தையைப் பேய் பிடித்தவள் என்றார்கள். பெண் தள்ளாடினால் சாராயம் என்று சொல்ல முடியாதே, அதற்கு வேறு காரணம் வைத்திருந்தார்கள். ரத்தத்தை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் பெயர் வந்தது: ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா, வகை 1. சுருக்கமாக எஸ்சிஏ 1.

இந்த நோய்க்கான மரபணுவை 1993இல் அமெரிக்காவில் ஹுடா சோக்பியும் ஹாரி ஓர்ரும் கண்டுபிடித்தார்கள். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் 6ஆம் குரோமோசோமில் அந்த மரபணு இருக்கிறது. அதில் சி, ஏ, ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். அச்சுக்கோக்கும்போது ஒரே சொல்லைக் கைதவறிப் பலமுறை அடித்துவிடுவது போல. நோயில்லாதவர்களுக்கு இது பெரும்பாலும் 30ஐ ஒட்டி நிற்கும். ஏறத்தாழ 39ஐத் தாண்டினால் அந்த மரபணு உண்டாக்கும் புரதம் கோணலாகி, சிறுமூளையின் பர்கிஞ்சி செல்களை மெல்லக் கொல்கிறது. பெரும்பாலும் 30களில், 40களில் தொடங்கும். தொடங்கியபின் 10 முதல் 30 ஆண்டுகள். கடைசிக் கட்டத்தில் விழுங்க முடியாமல், சோறு நுரையீரலுக்குப் போய்ச் சளி கட்டி இறப்பவர்கள் அதிகம். நோயை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. தலைமுறை இறங்க இறங்க எழுத்தின் எண்ணிக்கை கூடும், குறிப்பாக அப்பா வழியாக வரும்போது. அதனால் தாத்தாவைவிட அப்பாவுக்கும், அப்பாவைவிட மகனுக்கும் இளம் வயதிலேயே வந்துவிடக்கூடும். "சாபம் வேகமா எறங்குது" என்று அந்த அக்கா சொன்னது கண்ணால் பார்த்த உண்மை. சாபம் என்ற சொல்தான் பிழை.

தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. 2005இல் 'நியூராலஜி இந்தியா' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ் பேசும் ஒரு சமூகத்தினரிடம் எஸ்சிஏ 1 வழக்கத்துக்கு மாறாக மிக அதிகமாக இருக்கிறது என்று அது சொல்கிறது. தலைப்பில் அவர்களை 'எத்னிக் தமிழ் கம்யூனிட்டி' என்கிறார்கள். சாதி என்று எழுதக் கூச்சம். ஆய்வகத்தில் சாதிக்கு எத்தனை செல்லப் பெயர்கள்! ஆனால் அந்தச் சாதி எது என்று நாங்களும் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் காரணம் வேறு. நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் கையில் இந்தக் கட்டுரை இருக்கக் கூடாது. நாங்கள் சொல்லும் குடும்பம் அந்தச் சாதியும் இல்லை. இந்த மரபணுவுக்கு ஊரும் சேரியும் ஒன்றுதான்.

இனி எங்கள் தவறுக்கு வருகிறோம்.

அந்த வீட்டில் ஒரு மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எங்கள் படிப்பு வட்டத்துக்கு வருகிறவள், அம்பேத்கர் பிறந்தநாளுக்குப் பறை அடித்தவள். சோதனை முடிவு வந்த பிறகு ஒருநாள் எங்களில் ஒரு தோழரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "அக்கா, சாதி மாறிக் கட்டிக்கிட்டா எம் புள்ளைக்கு இது வராதுல்ல?"

இந்த நம்பிக்கை அவளுக்கு எங்கிருந்து வந்தது? எங்களிடமிருந்துதான். ஒரு கூட்டத்தில் அகமணத்தைப் பற்றிப் பேசும்போது, 'சாதிக்குள்ளேயே கட்டுவதால்தான் பரம்பரை நோய்கள், சாதி மறுப்புத் திருமணமே அதற்கு மருந்து' என்று நாங்கள் கைதட்டலோடு சொல்லியிருந்தோம். இப்போதும் பல மேடைகளில், பல பதாகைகளில் இந்த வாசகம் இருக்கிறது. பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு 19 வயதுப் பெண்ணை ஏமாற்றிவிட்டது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுவோம். 1916 மே 9ஆம் நாள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி அகமணம் என்று வாதிட்டார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து மரபணு ஆய்வு அதையே வேறு வழியில் சொல்கிறது. இந்தியர்கள் எல்லோரும் கலந்துதான் வந்தோம், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தக் கலப்பு நடந்தது, பிறகு கதவுகள் சாத்தப்பட்டன என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. 2017இல் ஹைதராபாத் சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்த குழு, தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட பிரிவுகளைப் பார்த்தது. அதில் 81 பிரிவுகள், பரம்பரை நோய்களுக்குப் பெயர்பெற்ற பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் கடுமையாக, ஒரு சிறு கூட்டத்து முன்னோரிடமிருந்து பெருகியவை. கிணறு சிறியதாக இருந்து, வெளித் தண்ணீர் வராமல் இருந்தால், உள்ளே விழுந்தது உள்ளேயே சுற்றும்.

இங்கேதான் கவனம் வேண்டும். பரம்பரை நோய்கள் எல்லாம் ஒரே மாதிரி இறங்குவதில்லை. ஒரு வகைக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் சேர வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அவர் சுமப்பவர், நோயாளி இல்லை. வில்சன் நோய் அப்படிப்பட்டது. உடம்பில் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தங்கிவிடும். பள்ளி வயதில் கை நடுக்கம், எழுத்துக் கோணல், பேச்சுக் குழறல், திடீர்க் கோபம் என்று தொடங்கும். நம்மூரில் பாதிப் பேரைத் தர்காவுக்கும் கோயிலுக்கும் கட்டிவைக்கக் கூட்டிப்போவார்கள். ஆனால் இதற்கு மருந்து இருக்கிறது. பெனிசிலமின், துத்தநாகம் என்று வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும், சீக்கிரம் கண்டுபிடித்தால் பிள்ளை பிழைத்துப் படித்து வேலைக்கும் போகலாம். இந்த வகை நோய்க்கு அக்கா மகள், மாமன் மகன் என்று கட்டுவது வாய்ப்பை நிச்சயமாகக் கூட்டுகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் சொந்தத்துக்குள் நடந்த திருமணங்கள் 28 சதவீதம். நம் தெருவும் அதில் அடக்கம், மாமன் சீரை விட்டுக்கொடுக்க நமக்கும் மனசு வராது. இந்த வகைக்கு வெளியே கட்டுவது உண்மையிலேயே ஒரு பாதுகாப்பு.

எஸ்சிஏ 1 அந்த வகை இல்லை. ஹன்டிங்டன் நோயும் இல்லை. ஒரே ஒரு பழுதான பிரதி போதும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகக் காசு சுண்டப்படுகிறது. எதிர்ப்பக்கம் நிற்பவர் அத்தை மகனா, வேறு சாதியா, வேறு நாடா என்று அந்தக் காசு பார்ப்பதில்லை. அகமணம் இந்த நோயை ஒரு சாதிக்குள், ஒரு தெருவுக்குள் தேக்கிவைக்கிறது, அதனால்தான் ஓரிடத்தில் குவிந்து தெரிகிறது. வெளியே கட்டினால் குவியல் கலையும். ஆனால் அந்தப் பெண்ணின் பிள்ளைக்குக் கணக்கு மாறாது.

இதை அவளிடம் சொல்ல இரண்டு வாரம் எடுத்துக்கொண்டோம். சொன்னபோது அவள் கேட்டது: "அப்போ எதுக்கு மேடையில அப்படிச் சொன்னீங்க?"

பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை எங்களுக்குள் பல நாள் பேசினோம். நோய் வராமலிருக்க சாதி மறுத்துக் கட்டு என்று சொல்லும்போது நாம் யாருடைய மொழியைப் பேசுகிறோம்? ரத்தச் சுத்தம், நல்ல வித்து, கெட்ட வித்து என்பது அவர்கள் மொழி. சாதி ரத்தத்தைத் தூய்மையாக வைத்திருக்கிறது என்று அறிவியல் பேசியவர்களுக்கு 'சாதி ஒழிப்பு' நூலில் 1936இலேயே அம்பேத்கர் பதில் சொல்லிவிட்டார். நாமும் 'கலப்பு ரத்தம்தான் ஆரோக்கியம்' என்று திருப்பிப் போட்டுப் பேசினால், அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும்? இந்தக் குடும்பத்தில் யாரும் பிள்ளை பெறக் கூடாது என்பதில் நிற்கும். அந்தப் பேச்சு ஏற்கெனவே அந்தத் தெருவில் கேட்கிறது. சாதி ஒழிய வேண்டியது சாதி அநீதி என்பதால். ஒரு மரபணுகூடப் பழுதில்லாத சாதி இருந்தாலும் அது ஒழிய வேண்டியதுதான்.

ஆய்வாளர்களைப் பற்றியும் மாணவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வெனிசுவேலாவில் மரகைபோ ஏரிக்கரையில் மிகவும் ஏழ்மையான ஊர்கள் உண்டு, உலகிலேயே ஹன்டிங்டன் நோய் மிக அதிகமாகக் குவிந்த இடம். 1979 முதல் நான்சி வெக்ஸ்லரின் குழு அங்கே போய், ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தைச் சேகரித்தது. அந்த ரத்தத்தை வைத்துத்தான் 1993இல் அந்த மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. வெக்ஸ்லரின் தாயும் அதே நோயால் இறந்தவர், தனக்கும் அந்நோய் இருப்பதை 2020இல் அவரே வெளியில் சொன்னார். அவருடைய அக்கறையை நாங்கள் கேள்வி கேட்கவில்லை. ஆனால் உலகத்துக்குச் சோதனையைக் கொடுத்த அந்த ஏரிக்கரைக் குடும்பங்கள் பலவும் இன்னும் வறுமையில்தான் கிடக்கின்றன. நாளைக்கு நம் தெருவுக்கு ஒரு குழு ஊசியோடு வந்தால் எதிர்க்க வேண்டியதில்லை. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா, முடிவை யாரிடம் சொல்வார்கள், சொன்னபிறகு அந்த வீட்டுக்கு அடுத்த மாதம் யார் வருவார்கள் என்று கேளுங்கள். கேட்காமல் கைநீட்ட விடாதீர்கள்.

அரசு தரப்பில் என்ன இருக்கிறது? அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. முதலில் அறிவித்த எட்டு சிறப்பு மையங்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. அதன் பணமும் மருந்தோ மாற்று அறுவையோ உள்ள நோய்களுக்கு. மருந்தில்லாத நோய்க்காரருக்கு அது எதுவும் தராது. எங்கள் வேலைக்கு அதைவிடப் பயன்பட்டது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 21 வகைகளில் நாட்பட்ட நரம்பியல் பாதிப்பு ஒன்று. 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் யூடிஐடி அட்டை, கடும் பாதிப்பு என்றால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் சட்டத்தில் உதாரணமாகப் பெயர் போட்டிருப்பது மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், பார்க்கின்சன் இரண்டுக்குத்தான். 'உங்க நோய் லிஸ்டுல இல்ல' என்று ஒரு முகாமில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவை உதாரணங்கள்தான், பட்டியல் அத்தோடு முடியவில்லை என்று சட்டத்தின் அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு மறுபடி போனோம். கைகால் இயக்கக் குறைபாடு என்ற வகையிலும் கேட்கலாம். இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள், உங்கள் ஊரிலும் தேவைப்படும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தர வழி இருக்கிறது. இந்த நோய்க்கு இன்றைக்கு உருப்படியாகச் செய்யக்கூடியது அதுதான், விழாமல் நிற்கவும் மூச்சுக்குழலில் போகாமல் விழுங்கவும் பயிற்சி. கேட்டால்தான் பெயர் ஏறும். காப்பீட்டு நிறுவனங்கள் மரபணு நோய் என்று சொல்லிப் பணம் மறுப்பது பாகுபாடு என்று 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மரபணுவைக் காரணம் காட்டி வேலை மறுத்தால் தடுக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை, அமெரிக்காவில் 2008இலேயே வந்துவிட்டது. தீண்டாமைக்குப் புது வடிவம் வேண்டுமென்றால் வாசல் திறந்தே கிடக்கிறது.

அந்தப் பெண் சோதனை செய்துகொள்ள வேண்டுமா? எங்களில் இரண்டு கருத்து இருந்தது. தெரிந்துகொண்டால் திட்டமிடலாம் என்றார் ஒருவர். மருந்தில்லாத நோயின் தேதியை 19 வயதில் கையில் வாங்கி என்ன செய்வது என்றார் மற்றவர். உலகம் முழுக்க உள்ள நடைமுறை தெளிவானது: அறிகுறி இல்லாதவருக்கு 18 வயதுக்கு முன் இந்தச் சோதனை செய்யக் கூடாது, அதன் பிறகும் ஆலோசனை தராமல் செய்யக் கூடாது, தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர் உரிமை. அந்த ஆலோசனையைத் தமிழில், பொறுமையாக, சாதி கேட்காமல் தர டெல்டாவின் அரசு மருத்துவமனைகளில் ஒரு மரபணு ஆலோசகராவது உட்கார வேண்டும். இதைக் கோரிக்கையாக எழுதி மாணவர் அமைப்புகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் இப்படி விவாதித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள், டிகிரி முடியும்வரை யோசிக்கப்போவதில்லை என்று. "மொதல்ல அப்பாவுக்கு அந்தக் கார்டை வாங்குங்க. குடிகாரன்னு சொல்றவன்கிட்ட காட்டணும்."

அடுத்த புதன்கிழமை முகாம். அட்டவணையின் அச்சுப் பிரதி மூன்று எடுத்து வைத்திருக்கிறோம். ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது.